கீழ வீதி பக்கம்

கடலூர்,
16.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் ஸ்கூட்டி சாவியை அவரிடம் கொடுத்து, "நான் கெஞ்சினாலும் இதைக் குடுக்காதீங்க" என்றேன். அவர் வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டார். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? காது மெஷினை மாட்டிக்கொள்கிறாயா, இல்லை, டப்பாவிலேயே வைத்து அழகு பார்க்கிறாயா? கதிரவனும் மருமகள் சுவேதாவும் சுகம்தானே? இங்கே நாங்கள் இருவரும் நலம். பையன் சென்னையில் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே படிக்கிறான். போனில் கத்தினால் தெருவுக்கே கேட்கிறது. வாட்ஸப்பில் அனுப்பினால் கதிரவன் போனில் சுவேதா படித்துவிட்டுத்தான் உனக்குக் காட்டுகிறாள். நமக்கு இந்தக் கடிதம்தான் சரி.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனியில் இந்த வருடம் இரண்டு பேருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. இருவரும் நாற்பதைத் தாண்டாதவர்கள். ஊழியர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள் நான் என்பதால், ஏதாவது செய்யுங்கள் என்று மேனேஜர் உத்திராபதி சார் சொன்னார். செம்மண்டலத்திலிருந்து மஞ்சக்குப்பம் ஆபீஸ் என்ன பெரிய தூரம்? ஆளுக்கொரு வண்டியில் வந்து, வெயிலில் நிறுத்தி, சீட் சுடுகிறது என்று புலம்புகிறோம். நடந்து வரச் சொல்லலாம் என்றேன். நடந்து வருகிறவர்கள் கால் மணி நேரம் தாமதமாக வரலாம். கம்பெனி பெயர் போட்ட ஸ்டீல் தண்ணீர் பாட்டில் ஒன்று இலவசம். பாட்டிலை நானே கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தேன். நாளை ஆரம்பிக்கிறோம். சொன்னவளே வண்டியில் போனால் சிரிப்பார்கள் அல்லவா? அதனால்தான் சாவி அரிசிக்குள் போனது.

உன் முழங்கால் வலிக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது தருகிறேன்.

என்றும் உன் அன்புத் தங்கை,
அறிவுமதி


சிதம்பரம்,
24.6.2024

அன்பு மதிக்கு,

கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். மெஷினை மாட்டினால் மிக்ஸி சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது, மருமகள் பேசுவது கேட்கவில்லை. ஒருவிதத்தில் அதுவும் நல்லதுதான்.

நீ எழுதியதை அங்கன்வாடி வேலைக்கு நடுவில் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பிள்ளைகள் என்னையே பார்த்தன. நம் அப்பா வாத்தியார். சைக்கிள் வைத்திருந்தார். ஆனாலும் காலனியிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, ஊர்த்தெரு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். நம் தெரு ஆள் அங்கே சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. நீ சின்னப் பிள்ளை, பின்சீட்டில் உட்கார்ந்திருப்பாய். உன்னையும் இறக்கிவிடுவார். "ஏம்ப்பா இறங்கணும்?" என்று நீ கேட்பாய். "காலுக்கு நல்லதும்மா" என்பார். இப்போது நீ மற்றவர்களுக்கு அதையே சொல்கிறாய். அதுவும் பாட்டில் கொடுத்து!

வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள். உன் வீட்டுக்காரத் தம்பியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
ராஜாமணி


கடலூர்,
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆனித் திருமஞ்சனக் கூட்டத்தில் வெளியே போய் மாட்டிக்கொள்ளவில்லையே?

எங்கள் நடை நன்றாகப் போகிறது. ஆறு பேர் தினமும் சேர்கிறோம். அக்கவுண்ட்ஸ் தமிழ்ச்செல்வி, டெஸ்பாட்ச் ராமாமிர்தம் சார், இன்னும் இரண்டு பேர், நான். ராமாமிர்தம் சார் தொப்பையைக் குறைக்க வருகிறார். வழியில் போண்டா கடையைக் கண்டால் நின்றுவிடுகிறார். "சார், இது நடைப்பயணமா, போண்டாப் பயணமா?" என்று தமிழ்ச்செல்வி கேட்டால், "எண்ணெய் உள்ள போனாத்தான மெஷின் ஓடும்?" என்கிறார்.

ஆறாவது ஆள் அனுப்பிரியா. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், கம்ப்யூட்டரில் படு கெட்டிக்காரி. முதல் நாளே என்னிடம் வந்து, "நான் பெட்ரோல் பங்க் பக்கம் நின்னுக்கறேன் மேடம், அங்க வந்து சேத்துக்குங்க" என்றாள். சரி என்றேன்.

ஒன்று கவனித்தேன். வண்டியில் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்பதில்லை. சேர்ந்து நடக்கும்போது பேச நேரம் இருக்கிறது, கேட்கிறார்கள். இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் இருந்தும் கேட்காத தமிழ்ச்செல்வி கேட்டாள். "மேடம், உங்களுக்கு எந்த ஊரு?"

"சிதம்பரம்."

"சிதம்பரத்துல எங்க?"

"கீழ வீதி பக்கம்."

வாயில் வந்துவிட்டது. நீ திட்டாதே. தேர் ஓடுகிற வீதியைச் சொன்னதும் அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

கதிரவனுக்கு என் அன்பைச் சொல். மாத்திரையை மறக்காதே.

உன்,
மதி


சிதம்பரம்,
22.7.2024

அன்பு மதி,

இங்கே அனைவரும் சுகம். நான் ஏன் திட்டப் போகிறேன்? நான் இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டிலிருந்து கீழ வீதிக்கே ஆட்டோ பிடிக்க வேண்டும். நாம் பிறந்த காலனிக்கு அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறி, இறங்கி, மறுபடியும் நடக்க வேண்டும். இருந்தாலும் நீ பொய் சொல்லவில்லை. "பக்கம்" என்றுதானே சொன்னாய்! அந்தச் சொல்லை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்?

பெட்ரோல் பங்க் பக்கம் என்று சொன்ன பெண் யார் வீட்டுப் பிள்ளை?

ராஜாமணி


கடலூர்,
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஆபீசில் வேலை ஜாஸ்தி. அவருக்குச் சளி, இப்போது பரவாயில்லை.

நீ கேட்ட பெண் நம்மவள்தான். அவள் ஃபைலைப் பார்த்தவள் நான். ஆபீசில் வேறு யாருக்கும் தெரியாது.

இந்த மாத ஆரம்பத்தில் ஒரு நாள் அவள் பங்க்கில் நிற்கவில்லை. போனும் எடுக்கவில்லை. "வீடு இங்கதான் எங்கயோ. போய்க் கூப்புட்டுக்கிட்டே போயிடலாம். மேடம், உங்களுக்கு அட்ரஸ் தெரியுமே" என்றாள் தமிழ்ச்செல்வி. எல்லாரும் உற்சாகமாகிவிட்டார்கள். எதிர்ச் சந்தில் போய் வாய்க்காலைத் தாண்டினால் காலனி. வழி சொன்னேன், போனோம். சந்து முனையில் இருந்த பெயர்ப் பலகையைப் படித்ததும் பின்னால் வந்தவர்களின் பேச்சு குறைந்தது.

அவள் அம்மா முத்தம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எம் பொண்ணு ஆபீஸ்காரங்களா! ஏய் அனு, யாரு வந்துருக்காங்கன்னு பாருடி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார்கள். அந்தப் பெண் ஈரத் தலையோடு வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை எழுத எனக்கு வரவில்லை. ஆபீஸ் வரை எங்களுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

அடுத்த வாரம் தமிழ்ச்செல்விக்கு முழங்கால் வலி. ராமாமிர்தம் சாருக்கு டாக்டர் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். நடை கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகிறது. மழைக்காலம் வேறு வரப் போகிறது.

உன் ஆரோக்கியத்தைப் பற்றி எழுது.

மதி


சிதம்பரம்,
26.8.2024

அன்பு மதி,

நான் நலம், வீட்டில் எல்லாரும் நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாவம் அந்தப் பெண். இருந்தாலும் வீடு தேடிப் போனீர்களே, அவள் அம்மா எவ்வளவு பூரித்திருப்பார்கள்! என்ன கொடுத்தார்கள் சாப்பிட? நம் வீட்டுக்கு அப்பாவின் ஹெட்மாஸ்டர் வந்த அன்று, அம்மா பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கிக் காப்பி போட்டது நினைவிருக்கிறதா? அதனால்தான் கேட்கிறேன்.

அக்கா


கடலூர்,
8.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று பிள்ளையார் சதுர்த்தி விடுமுறை. வீட்டை ஒழித்துக் கழுவினேன். உன் முழங்காலுக்கு வாங்கிய எண்ணெயைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், சுடவைத்துத் தேய். காது டாக்டரை மறுபடியும் பார்த்தாயா? பையனுக்குப் பரீட்சை நெருங்குகிறது. கம்பெனிக்காரர்கள் வேலைக்கு ஆள் எடுக்க அவன் கல்லூரிக்கே வருகிறார்களாம். வேறு விசேஷம் இல்லை.

மதி


சிதம்பரம்,
15.9.2024

மதிக்கு,

எண்ணெய் கிடைத்தது. நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

ராஜாமணி


கடலூர்,
29.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தண்ணீர் கொடுத்தார்கள்.

டீ போட நேரம் இல்லை என்று, தட்டில் டம்ளர்களை அடுக்கி, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். "வெயில்ல நடந்து வந்துருக்கீங்க, தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்க" என்றார்கள். தமிழ்ச்செல்வி தன் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "எங்ககிட்ட இருக்கும்மா, ஆபீஸ்ல குடுத்துருக்காங்க." ராமாமிர்தம் சாரும் தூக்கினார். மற்ற இருவரும் தூக்கினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த பாட்டில்!

முத்தம்மாள் சொம்போடு என் பக்கம் திரும்பினார்கள். நானும் என் பாட்டிலைத் திறந்தேன், அக்கா. அதில் தண்ணீர் இல்லை. வரும் வழியிலேயே குடித்து முடித்திருந்தேன். காலி பாட்டிலை வாயில் சாய்த்து விழுங்கினேன்.

மற்றதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பெண் பங்க்கில் நிற்கிறேன் என்று முதல் நாள் சொன்னபோதே ஏன் என்று எனக்குப் புரிந்தது. நானும் கல்லூரி நாட்களில் காலனிக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கியவள்தானே. அவள் வீட்டுக்குப் போன அன்றைக்கு, "வேணாம், அவ பஸ்ல வந்துடுவா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஏன் வேண்டாம் என்கிறாள், இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பார்களோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில்தான் வழி காட்டினேன்.

உனக்குப் பதில் எழுதாமல், ஊரை ஏமாற்றியதுபோல் உன்னையும் ஏமாற்றலாம் என்று பார்த்தேன். உன்னை முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மதி


கடலூர்,
13.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கதிரவனுக்குப் போன் செய்தேன். நன்றாக இருக்கிறாய் என்றான். அப்படியானால் எழுதப் பிடிக்கவில்லை. இருக்கட்டும். நான் எழுதுகிறேன்.

அனுப்பிரியா புகார் கொடுத்திருக்கிறாள். அன்றைக்குப் பிறகு மதியம் அவள் டப்பாவோடு வந்து உட்கார்ந்தால் தமிழ்ச்செல்வி கூட்டம் எழுந்து போய்விடுகிறது. தண்ணீர் கேன் பக்கத்தில் இருந்த பொது டம்ளரை யாரோ எடுத்துவிட்டார்கள். வீட்டில் தண்ணீர் மறுத்ததிலிருந்து எல்லாவற்றையும் எழுதி, நான்கு பேர் பெயரைக் கொடுத்திருக்கிறாள். என் பெயர் இல்லை.

உத்திராபதி சார் என்னைக் கூப்பிட்டார். "கையில பாட்டில் இருக்குது, குடிச்சாங்க. இது ஒரு கம்ப்ளைண்டா மேடம்? நீங்களே விசாரிச்சு, அப்படி ஒண்ணும் நடக்கலைன்னு தீபாவளிக்கு முன்னாடி ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்க. விட்டா நாளைக்கு நம்ம ஆளுங்க மேலயே கேஸு போடுவாங்க."

நம்ம ஆளுங்க என்று சொல்லும்போது என்னையும் சேர்த்துக் கையைக் காட்டினார்.

நான் அப்படி எழுதினால் அவளுடையது பொய்ப் புகார் ஆகிவிடும். வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த வேலைக்கும் நல்லபடியாகச் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

அவளை அறைக்குக் கூப்பிட்டு, "என் பேர ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"உங்க பேர எழுதுனா அப்புறம் யாரு மேடம் விசாரிப்பாங்க?" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். "எங்கம்மா உங்களப் பத்திக் கேட்டாங்க. மத்தவங்கல்லாம் ஷூவோட வாசல்ல நின்னாங்களாம். நீங்க மட்டும் செருப்ப ஓரமாக் கழட்டிட்டு வந்தீங்களாம். 'அந்தம்மா யாருடி, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்குது'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அவுங்க சிதம்பரம், கீழ வீதி பக்கம்னு சொன்னேன்."

அவள் கேலி செய்யவில்லை, அக்கா. நான் சொன்னதை நம்பி அப்படியே சொல்லியிருக்கிறாள்.

என்ன செய்யட்டும் என்று எழுது. திட்டினாலும் சரி, எழுது.

மதி


சிதம்பரம்,
20.10.2024

அன்பு மதிக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். உன் செப்டம்பர் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தால் வேறு ஏதோ எழுத வந்தது. அதனால் வைத்துவிட்டேன். இப்போது அதையும் எழுதிவிடுகிறேன்.

கடலூரில் நீ வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று ஆபீஸ்காரர்களுக்குச் சாப்பாடு போட்டாய். எங்களை மறுநாள் வரச் சொன்னாய். "கூட்டத்துல உனக்குக் காது கேக்காதுக்கா, மறுநா வா, நிம்மதியா உக்காந்து பேசலாம்" என்றாய். மதி, அப்போது எனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்போது உன் மாமா உயிரோடு இருந்தார். வாங்கி வைத்த புதுப் புடவையைப் பார்த்து, "கட்டிக்கலியா?" என்றார். "நாளைக்குத்தான் பால் காய்ச்சுறாங்க" என்று அவரிடம் பொய் சொன்னேன். உன்னை அவர் தப்பாக நினைக்கக் கூடாது என்று.

இதைச் சொல்லிக் காட்ட எழுதவில்லை. இவ்வளவு நாள் சுமந்ததை இறக்கிவிட்டேன், அவ்வளவுதான்.

இப்போது அக்கா சொல்வதைக் கேள். நீ எதையும் கிளறாதே. உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு இங்கே வந்துவிடு. வேறு யாராவது விசாரிக்கட்டும். பையன் வேலைக்குப் போக வேண்டும். தம்பி வெளியில் தலைநிமிர்ந்து நடக்கிறார். உன் தெருவில் இருக்கிறவர்கள் நாளைக்கு உன் வாசலில் எப்படி நிற்பார்கள் என்று உனக்கே தெரியும். இருபது வருடம் கட்டியதை ஒரு நாளில் இடிக்காதே. அந்தப் பெண் சின்னவள், எங்காவது பிழைத்துக்கொள்வாள்.

இதை எழுத எனக்கே கூசுகிறது. இருந்தாலும் நீ என் தங்கை.

ராஜாமணி


கடலூர்,
27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நேற்று முழுவதும் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். ஆபீசில் ஒருமுறை எடுத்து, படிக்காமல் உள்ளே வைத்தேன்.

உனக்கு அப்போது காது கேட்டது என்று எனக்கும் தெரியும். நீ ஆமாம் என்று சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கு மன்னிப்பு என்று ஒரு சொல்லைக் கடிதத்தில் எழுதி அனுப்ப மாட்டேன். நேரில் வருகிறேன்.

லீவு போடவும் மாட்டேன். நான் விலகினால் உத்திராபதி சார் தமிழ்ச்செல்வியின் உறவுக்காரர் ஒருவரையே விசாரிக்கப் போடுவார். ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். அந்தப் பெண் எங்காவது பிழைத்துக்கொள்வாள் என்று எழுதியிருக்கிறாய். பிழைப்பாள். இன்னொரு ஆபீசில் இன்னொரு பங்க் பக்கம் போய் நிற்பாள்.

நாளை காலை உத்திராபதி சாரைப் பார்த்து, விசாரணையை நான் நடத்த முடியாது என்று சொல்லப் போகிறேன். அங்கே தண்ணீர் மறுத்தவர்கள் நான்கு பேர் இல்லை, ஐந்து பேர். ஐந்தாவது ஆள் நான் என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுப்பேன். மற்ற நால்வரும் என்ன செய்தார்கள் என்பதையும் பார்த்தபடி எழுதுவேன். வெளியிலிருந்து ஆளைப் போட்டு விசாரிக்கச் சொல்வேன். அவர் சிரித்துவிட்டு, "உங்களுக்கு என்ன மேடம், நீங்க ஏன் இதுல?" என்று கேட்பார். கேட்டால் ஊரையும் சொல்வேன், தெருவையும் சொல்வேன்.

வேலை போகலாம். போகாமல், கூடவே உட்கார வைத்து ஒவ்வொரு நாளும் குத்திக் காட்டலாம். அது இன்னும் பயமாக இருக்கிறது.

அவர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்பாகவே பேசி என்னை மாற்றிவிடுவார். பையனுக்கும் தெரியாது. அனுப்பிரியாவுக்கும் தெரியாது. நீ இதைப் பிரிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும், என்னைத் தடுக்க உனக்கு வழியிருக்காது. அதற்காகவே போன் செய்யாமல் எழுதுகிறேன்.

தீபாவளிக்குப் புடவை எடுத்திருக்கிறாயா? உடம்பு பத்திரம்.

உன் தங்கை,
அறிவுமதி